பெர்பெத்துவாவின் பத்து நிமிடங்கள்

பதினோராவது சாட்சி என்று அந்தத் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, சிஸ்டர் மதலேன், வயது அறுபத்தாறு, இறையடியாரின் நவதுறவுத் தோழி, கடைசி நாட்களில் பணிவிடை செய்தவர். மதலேன் சீட்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள், மறுபடி பிரித்துப் பார்த்தாள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்து உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாயிற்று. வரவேற்பறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. உள்ளே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ இடித்துக்கொண்டு ஓடியது. மறைமாவட்டத்திலிருந்து மூன்று சாமியார்கள் வந்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே மடத்தில் இருபத்தேழு வயதில் செத்துப்போன சிஸ்டர் பெர்பெத்துவாவைப் புனிதர் வரிசைக்குக் கொண்டுபோகலாமா என்று விசாரிக்கும் குழு, இறையடியார் என்பது இப்போதைக்கு அவளுக்கு வைத்திருக்கும் பட்டம். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச வேண்டுமாம். காலையில் மதர் வந்து தோளைத் தொட்டு, "நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம் சிஸ்டர், எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க, போதும்" என்றாள். எப்பவும் சொல்றது. அதைச் சொல்லிச் சொல்லித்தானே அது செபப் படத்தின் பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அச்சாகி, ஏழு பதிப்பு ஓடி, மலையாளத்தில்கூட வந்துவிட்டது. 'இதோ வந்துவிட்டேன் ஆண்டவரே.' இறையடியாரின் கடைசி வார்த்தை. பிரசவ வலியில் சொல்கிறார்கள், ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போடும்போது சொல்கிறார்கள், சாகக் கிடப்பவர்களின் காதில் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைப் பெர்பெத்துவா சொல்லவே இல்லை. அதைச் சொன்னவள் மதலேன். அவளே உண்டாக்கி, அவளே செத்தவள் வாயில் வைத்தாள். இந்த உலகத்தில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான், இன்றைக்குச் சத்தியம் செய்யப் போகிறவளும் அவள்தான்.

சரி, வைத்தால் என்ன, யாருக்கு நட்டம் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். கேள்வி அந்த இடத்தில் நிற்பதே இல்லை, பாசி பிடித்த படியில் கால் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். படத்தில் இருக்கும் முகம்கூட அவள் முகம் இல்லை. கன்னத்தில் ரோஸ் பூசி, கண்ணை மேலே பார்க்க வைத்து, உதட்டை மூடி. பெர்பெத்துவா கடற்கரைக்காரி, கட்டுமரக்காரர் மகள், நல்ல கறுப்பு, சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். துறவுப் பயிற்சிக்கு வரும் நவதுறவு மடத்துக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய முதல் நாளே சாப்பாட்டு அறையில், மௌன நேரத்தில், "ஏட்டி, இந்தக் குழம்புல மீன் எங்கட்டி?" என்று மதலேனின் காதில் கேட்டு, இரண்டு பேரும் சிரித்து, இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். ஏட்டி போட்டுப் பேசக்கூடாது, சிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நவதுறவுத் தலைவி சொன்னார். அன்றிலிருந்து ஆள் இருக்கும்போது சிஸ்டர், ஆள் இல்லாதபோது ஏட்டி. மதலேன் திண்டுக்கல் பக்கத்துக்காரி. அவள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் பெர்பெத்துவா போன பிறகு இந்த நாற்பது வருடமாக, ஏட்டி என்று ஒரு குரல்கூட அவளைக் கூப்பிட்டதில்லை. சிஸ்டர், சிஸ்டர், பெரிய சிஸ்டர். காரியத்துக்காகக் கூப்பிடுகிற குரல்கள். மருந்துச் சாவி எங்கே சிஸ்டர், கஞ்சி ஆறிப்போச்சு சிஸ்டர். மதலேனுக்குத் தன் பெயரே சில நாள் மறந்ததுபோல இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாவிட்டால் பெயர் எங்கே போய் இருக்கும், இந்தத் துண்டுச் சீட்டில்தான் இருக்கும். மறுபடி பிரித்தாள். பணிவிடை செய்தவர். செய்தவரா?

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், நீலச் சேலை, மடியில் ஒரு துணிப்பை. வெயிலில் நடந்து வந்த சூடு அவள் மேலிருந்து வீசியது.

"தோத்திரம் சிஸ்டர். நான் சலேத்தம்மா. வெள்ளைப்பாறைப்பட்டி. பெர்பெத்துவா சிஸ்டர்ட்ட மூணாங்கிளாஸ் படிச்சேன். எனக்குப் பத்தாம் நம்பர் குடுத்திருக்காக."

வெள்ளைப்பாறைப்பட்டி. மதலேன் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை அந்த முகத்துக்குள் தேடுவதுபோலப் பார்த்தாள், அவளை முன்பின் பார்த்ததே இல்லை என்றாலும்.

"சுவர் ஏறிக் குதிச்சீங்களே, அந்தப் பிள்ளைகள்ல நீயும் ஒருத்தியா?"

சலேத்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கும் தெரியுமா சிஸ்டர்? நாங்க எதுக்குக் குதிக்கணும், நாங்க அந்தாண்ட பக்கத்துப் பிள்ளைகதானே. மத்த பிள்ளைகதான் எங்க பக்கம் குதிச்சது. சிஸ்டரும் குதிச்சாக. சேலை மாட்டிக் கிழிஞ்சிருச்சு. எங்க அய்யா கல்லறையில மொத மொத மெழுகுவத்தி வச்சது அவகதான். அதத்தான் சொல்லணும்னு வந்திருக்கேன்." பையிலிருந்து செபப் படத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் நைந்திருந்தது. "இந்த வார்த்தையும் சொல்லணும். எம் புருசன் போயி மூணு வருசமாச்சு. ஈரல் வீங்கி, அப்பிடிக் கெடந்தாரு. இந்த வார்த்தை மட்டும் இல்லைன்னா அன்னைக்கு நான் பைத்தியமாயிருப்பேன் சிஸ்டர். அவர் காதுல இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்கதானே பக்கத்துல இருந்தது? புஸ்தகத்துல உங்க பேரு இருக்கு. அவக சொல்றத உங்க காதால கேட்டீங்க. எம்மாம் பெரிய பாக்கியம்."

மதலேன் வாயைத் திறந்தாள். திரை விலகி ஒரு சாமியார் தலையை நீட்டிப் பத்தாம் நம்பரைக் கூப்பிட்டார். சலேத்தம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "வேண்டிக்கங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாக்கியம். பெஞ்சு சூடாக இருந்தது, அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும். சுவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அவள் வாழ்க்கை வரலாறாக மடம் போட்ட புத்தகத்தில் ஒரு வரி கிடையாது, வெள்ளைப்பாறைப்பட்டியில் இரண்டு ஆண்டுகள் ஆசிரியையாகத் தொண்டாற்றினார், உடல்நிலை காரணமாகத் தலைமை மடத்துக்கு மாற்றப்பட்டார், அவ்வளவுதான். நடந்ததைப் பெர்பெத்துவாதான் வந்து சொன்னாள், இந்த மடத்து நோயாளி அறையில், மூச்சு வாங்க வாங்க. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆள் உயரச் சுவர். இந்தப் பக்கம் மேல்தெருக்காரர்கள், அந்தப் பக்கம் சேரிக்காரர்கள். எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், ஒரே பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள், செத்தால் மட்டும் சுவர். கல்லறைத் திருநாளன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் கையிலும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்துக் கூட்டிப்போனாள். எல்லாரும் எல்லாக் கல்லறையிலும் வைக்க வேண்டும் என்றாள். சுவரில் இருந்த வாசல் பூட்டியிருந்தது, அதனால் சுவர் ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. பங்குச் சாமியார் கூப்பிட்டு, ஊரைக் கலைக்கவா வந்தாய் என்று கேட்க, இவள், "சாமி, செத்தவங்களுக்கு நடுவுல சுவர் எதுக்கு? எந்திரிச்சு ஓடிருவாகன்னா?" என்று கேட்டிருக்கிறாள். ஊரே கேட்கும்படி கத்தியிருக்கிறாள். இரண்டே வாரத்தில் மாற்றல் கடிதம். உடல்நிலை காரணமாக என்று எழுதியிருந்தது. அப்போது அவளுக்கு உடலில் ஒன்றும் இல்லை, அதாவது இருந்தது, சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது, ஆனால் அது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பொய்யாக எழுதிய காரணம் இங்கே வந்து நான்கு மாதத்தில் மெய்யாகிவிட்டது. "எழுதியே நோயைக் கொண்டுவந்துட்டாகட்டி" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் எச்சிலில் ரோஸ் நுரை வரும்.

கடைசி இரண்டு மாதம் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அடுக்கினால் சரிந்துவிடும். அதனால் மதலேன் கட்டிலில் ஏறி, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். மணிக்கணக்காக அப்படியே இருப்பார்கள், ஒருத்தி முகம் ஜன்னலைப் பார்த்து, ஒருத்தி முகம் கதவைப் பார்த்து. பெர்பெத்துவாவின் இருதயம் மதலேனின் முதுகில் அடிக்கும், ஒழுங்கில்லாமல், ஓடி நின்று ஓடி நின்று. எலும்பு எலும்பில் உறுத்தும். வேர்வையில் இரண்டு சேலையும் ஒட்டிக்கொள்ளும். அப்போது மதலேனுக்கு இருபத்தாறு வயது, தன் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று ஒரு எண்ணம் வரும், வந்தவுடனே பயந்துவிடுவாள், ஒருத்தி செத்துக்கொண்டிருக்கும்போது சந்தோஷமா, இது என்ன பாவம், இதற்கு என்ன பெயர். மடத்தில் தனிச் சிநேகம் கூடாது என்று விதி. அப்போதைய மதர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார். "சிஸ்டர் மதலேன், நீங்க மனுஷிக்குச் சேவை செய்றீங்களா, ஆண்டவருக்குச் சேவை செய்றீங்களா, யோசிச்சுப் பாருங்க. போன வாரம் ரெண்டு தடவை மணி அடிச்சும் நீங்க செபத்துக்கு வரல." மணி என்பது ஆண்டவரின் குரல், மணி அடித்தால் பாதி எழுதிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்திருக்க வேண்டும், நவதுறவில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இனிமேல் தவறாது மதர் என்று முழங்காலில் நின்று வாக்குக் கொடுத்தாள். அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மணி அடித்தது.

அங்கே போய் நின்றுவிடும். எப்போதும் அங்கேதான். முதுகோடு முதுகாக இருந்தார்கள். மணி அடித்தது. மதலேன் மெல்ல முதுகை எடுத்தாள், தலையணைகளைச் சுவரோரம் அடுக்கி அவளைச் சாய்த்தாள், தண்ணீர் ஊற்றிய பித்தளை டம்ளரை எட்டும் இடத்தில் வைத்தாள். பெர்பெத்துவா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் நகமெல்லாம் நீலமாக இருந்தது. "போவாதட்டி" என்றாள். "பயமா இருக்குட்டி." மதலேன் சொன்னாள், "பத்தே நிமிஷம். இந்தா வந்துட்டேன்." விரல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஐந்து விரல். அதுவரைக்கும் பெர்பெத்துவா எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை, கடலுக்கும் மதருக்கும் மேல்தெரு ஆட்களுக்கும் பயப்படாதவள். அதனால்தான் போனாளோ, இவளுக்கென்ன பயம், சும்மா சொல்கிறாள் என்று நினைத்துப் போனாளோ. இல்லை. அப்படி நினைக்கவில்லை. கண்ணைப் பார்த்தாள், தெரிந்தது. தெரிந்துதான் போனாள். சிற்றாலயத்தில் மதருக்கு நேர் பின்னால் போய் முழங்காலிட்டாள், வந்துவிட்டேன் என்று தெரியட்டும் என்று லேசாகச் செருமினாள். செருமல். இப்போதும் தொண்டைக்குள் இருக்கிறது அந்தச் செருமல். செபம் பாதி நடக்கையில் ஒரு சத்தம் கேட்டது. பித்தளை தரையில் விழுந்து உருளும் சத்தம். அடுப்படியில் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா? அடுப்படி சிற்றாலயத்துக்குக் கிழக்கே, சத்தம் வந்தது மேற்கிலிருந்து, நோயாளி அறைப் பக்கமிருந்து. தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். மூன்று பத்துக்குத் திரும்பி வந்தபோது பெர்பெத்துவா சுவரோரம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். கண் கதவைப் பார்த்துத் திறந்திருந்தது. டம்ளர் கதவுப் பக்கம் கிடந்தது. கைதவறி விழுந்தால் அவ்வளவு தூரம் போகாது. எறிந்திருக்கிறாள். கூப்பிட எறிந்தாளோ, கோபத்தில் எறிந்தாளோ. மதலேன் முதலில் செய்தது டம்ளரை எடுத்து இருந்த இடத்தில் வைத்ததுதான். அப்புறம் தரையில் தண்ணீரைத் துடைத்தாள். அப்புறம்தான் கண்ணை மூடிவிட்டாள்.

மதர் ஓடிவந்து, "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார். அவரைத் தொடர்ந்துதானே சிற்றாலயத்திலிருந்து வெளியே வந்தாள், சில நிமிடம் முன்னால்தானே. "நான் வந்து கையைப் பிடிச்சேன் மதர், அப்பத்தான் உயிர் போச்சு." "ஏதாவது சொன்னாங்களா?" அந்த இடத்தில்தான். நாக்கு தானாகப் புரண்டது. பத்து நிமிடம் முன்னால் தான் சொன்ன வார்த்தையே, இந்தா வந்துட்டேன், புத்தகத் தமிழில் துவைத்து மடித்ததுபோல வெளியே வந்தது. இதோ வந்துவிட்டேன் ஆண்டவரே. மதர் சிலுவை போட்டுக்கொண்டார், அடக்கத்தன்று பிரசங்கத்தில் வந்துவிட்டது. பெர்பெத்துவாவின் அம்மா கித்தேரியம்மா பிரசங்கம் முடிந்து மதலேனைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். கையில் மீன் செதில் மணம் போகவில்லை. "எம் மவ 'வந்துவிட்டேன்'னா சொன்னா? 'வாரேன்'னுதானே சொல்லுவா?" என்று கேட்டாள். "ஆசுபத்திரி மருந்து பேச்ச மாத்திரும்போல" என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனாள். கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான், அவளும் செத்துவிட்டாள். ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள், வெளியூரிலிருந்து தியானம் கொடுக்க வந்த ஒரு வயதான சாமியாரிடம், அவரும் இப்போது இல்லை. நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தானே, மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு என்றார். பொய்க்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. போனதற்கு? அதைச் சொன்னபோது அவர், மணிக்குக் கீழ்ப்படிந்தது பாவமில்லையே மகளே, அது புண்ணியம் அல்லவா என்றார். பாவம் இல்லாவிட்டால் மன்னிக்க முடியாது. மன்னிக்க முடியாததைத் தூக்கிக்கொண்டு நாற்பது வருடம். பகலில் மூன்று மணிக்கு மணி அடிக்காத நாள் உண்டா. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் என்றாலும் எத்தனை வந்திருக்கும் இதுவரைக்கும்.

திரை விலகியது. சலேத்தம்மா வெளியே வந்தாள். போகும்போது இருந்த முகம் இல்லை.

"என்னம்மா, சொன்னியா?"

"எங்க சிஸ்டர் கேட்டாக? நோயை எப்பிடித் தாங்கினாக, பொறுமையா இருந்தாகளான்னு கேட்டாக. அப்ப நான் ஊர்ல சின்னப்பிள்ளை, எனக்கென்ன தெரியும். சுவரப் பத்திச் சொன்னேன். டைப் அடிக்கிற சாமி கைய நிறுத்திட்டாரு. அது வேற விசயம்மான்னுட்டாரு." பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "சுவர் இன்னும் இருக்கு சிஸ்டர். போன வருசம் சிமெண்டு பூசி வெள்ளை அடிச்சாக. அதுலதான் சிஸ்டர் படத்தப் பெருசா மாட்டியிருக்காக, கண்ணாடி போட்டு."

"ரெண்டு பக்கமுமா?"

"மேல்தெருக்காரவக பக்கம் மட்டும்."

பதினோராம் நம்பர் என்று உள்ளே இருந்து குரல் வந்தது. மதலேனுக்கு முட்டியை ஊன்றி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே நீள மேசை. நடுவில் ஃபாதர் எரோணிமுஸ், குழுத் தலைவர், வழுக்கைத் தலை, கனிவான முகம். ஒரு பக்கம் தடித்த கண்ணாடி போட்ட சாமியார் மடிக்கணினியோடு. இன்னொருவர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னாள், நான் சொல்வதெல்லாம் உண்மை. பிறந்த தேதி, துறவு வார்த்தைப்பாடு கொடுத்த ஆண்டு, எத்தனை மாதம் பணிவிடை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "இப்ப அந்தக் கடைசி நேரம், சிஸ்டர்" என்று ஃபாதர் குரலைத் தாழ்த்தினார், அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்ப்பதுபோல. "அவங்க சொன்ன அந்த வார்த்தையை உங்க வாயால ஒருமுறை சொல்லுங்க." மதலேனுக்கு அந்த நேரத்தில் சலேத்தம்மாவின் நைந்துபோன படம் கண்ணில் நின்றது. அதைப் பிடுங்கிக் கிழிக்கப் போகிறோம், எத்தனை பேர் கையிலிருந்து, எத்தனை கட்டில் ஓரத்திலிருந்து. சுவரில் மாட்டிய படமும் கண்ணில் நின்றது, மூடிய உதடு. அந்த உதட்டை மூடியது யார். "அந்த வார்த்தை நான் சொன்னது ஃபாதர்" என்றாள். "அவ 'போவாதட்டி'ன்னு சொன்னா. 'பயமா இருக்குட்டி'ன்னு சொன்னா. நான் போயிட்டேன்."

விசிறி இடித்துக்கொண்டே ஓடியது. ஃபாதர் எரோணிமுஸ் கண்ணை மூடித் திறந்தார். மதலேன் நிறுத்தவில்லை. மணி, விரல்கள், டம்ளர், மேற்கிலிருந்து வந்த சத்தம், துடைத்த தண்ணீர், எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வரும், கனம் குறையும் என்று எத்தனையோ வருடம் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை, ஒன்றும் குறையவில்லை. கடைவீதியில் நடந்ததைச் சொல்வதுபோல வந்தது.

"சிஸ்டர்" என்றார் ஃபாதர் கடைசியில். "இது இந்தக் காரியத்தையே நிறுத்திரலாம். தெரியுமில்லையா?"

"தெரியும் ஃபாதர்."

"இத்தனை வருஷம் கழிச்சு, ஏன் இப்ப?"

"எழுதுங்க ஃபாதர்" என்றாள்.

கண்ணாடிச் சாமியார் தட்டெழுதினார். முடித்ததும் விதிப்படி வாசித்துக் காட்டினார். இறையடியார் சாட்சியிடம் தம்மை விட்டுப் போகவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். செப மணி ஒலித்ததால் சாட்சி சென்றுவிட்டார். சாட்சி திரும்பி வருகையில் இறையடியார் மரித்திருந்தார்.

"கேட்டுக்கொண்டார்னு போடாதீங்க ஃபாதர். போவாதட்டின்னு சொன்னா."

"பேச்சு வழக்குல எழுதுறதில்ல சிஸ்டர்."

"அவ பேசுனது அதுலதான். வேற பேச்சு அவளுக்குக் கிடையாது. இனி ஒரு எழுத்தும் அவ வாயில நாம வைக்க வேணாம்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் வெள்ளைப்பாறைப்பட்டிச் சுவரையும் எழுதுங்க. அவளை இங்க அனுப்புனது நோய்க்காக இல்ல. அதையும் சத்தியம் பண்ணித்தான் சொல்றேன். போன சாட்சியை மறுபடி கூப்பிட்டுக் கேளுங்க."

தட்டெழுதும் சாமியார் தலைவரைப் பார்த்தார். ஃபாதர் எரோணிமுஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சொன்னபடியே அடிங்க" என்றார். மதலேன் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு பக்கத்திலும். ஃபாதர் எழுந்து நின்றார், ஆனால் ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கவில்லை, மறந்துவிட்டார்போல.

சலேத்தம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் பெஞ்சின் பாதி வரை ஏறியிருந்தது. உள்ளே மூன்று சாமியார்களிடம் சொன்னது பெரிதில்லை என்று அவளைப் பார்த்ததும் மதலேனுக்குத் தெரிந்தது. உட்காராமல், நின்றபடியே, முழுவதையும் சொன்னாள். சலேத்தம்மா படத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். விரலால் சிவப்பு எழுத்தை ஒருமுறை தேய்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சிஸ்டர் சொன்னீக? இம்புட்டு வருசம் சும்மா இருந்தீகள்ல. நான் போனப்புறம் சும்மா இருந்திருக்கலாம்ல."

படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எம் புருசன் அன்னைக்கு என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. ரெண்டு மூணு தடவை எடுத்தாரு. நான் விடல. இதச் சொல்லுங்க, இதச் சொல்லுங்கன்னு இந்த வார்த்தையவே சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்லாமலே போயிட்டாரு. என்ன சொல்ல வந்தாரோ." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நல்லா பண்ணீக சிஸ்டர்."

மதலேன் அந்தக் கோபத்துக்காகவே நின்றாள். அடிக்கட்டும் என்று நின்றாள். இந்த நாற்பது வருடத்தில் யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதே இல்லை, அதுகூடக் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சலேத்தம்மா வெயிலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, "அப்ப அவகளும் பயந்தாக" என்றாள்.

"ஆமா."

"சுவர் ஏறுனவக பயந்தாக." தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் தெனம் அவககிட்டதான் வேண்டுவேன். மாதாகிட்டகூட அவ்வளவு இல்ல. ஆனா பயமா இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல சிஸ்டர். வெக்கமா இருக்கும். சாவுக்கே பயப்படாதவககிட்ட, வீட்ல தனியாக் கெடக்க பயமா இருக்கு, மூட்டு வலிக்குது, மக போன் பண்ணல, நாளைக்கு என்னயா பாக்கப் போறான்னு எப்பிடிச் சொல்றது. நல்ல வார்த்தையாப் பொறுக்கிப் பொறுக்கிச் சொல்லிட்டு எந்திரிச்சிருவேன்." படத்தைப் பைக்குள் போட்டாள். எழுந்தாள். "கல்லறை எந்தப் பக்கம்?"

"கிணத்தடி தாண்டி, வேப்பமரத்துக்கு அந்தாண்ட. வா, காட்டுறேன்."

"வேணாம் சிஸ்டர். நான் மட்டும் போறேன்."

அவள் படி இறங்கிப் போனாள். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டாள். மதலேன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நாற்பது வருடத்தில் அந்தக் கல்லறைக்கு எத்தனை பூ வைத்திருக்கிறாள், எத்தனை தடவை கழுவியிருக்கிறாள், ஒரு வார்த்தை பேசியதில்லை, மற்றவர்களோடு சேர்ந்து செபம் சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிவிடுவாள். தூரத்தில் சலேத்தம்மா கல்லறையின் ஓரத்திலேயே, சிமெண்டின் மேல், காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். முழங்காலிடவில்லை, சிலுவை போடவில்லை. பையைப் பக்கத்தில் வைத்தாள். பேச ஆரம்பித்தாள். இங்கிருந்து சொல் ஒன்றும் கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்தது, ஒரு சமயம் நீட்டி, ஒரு சமயம் தன் நெஞ்சைத் தட்டி, ஒரு சமயம் மூக்கைச் சிந்தி. பக்கத்து வீட்டுக்காரியிடம் கொட்டுவதுபோல, நடுநடுவே கோபமாக, நிறுத்தாமல். வேப்பமர நிழல் கல்லறை முழுவதும் பரவிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். மதலேன் தூணை விட்டுப் படியில் ஒரு கால் இறக்கி வைத்தாள். தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது சொல்ல, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, தெரியவில்லை. அவள் முடிக்கட்டும் என்று அந்தப் படியிலேயே நின்றாள்.